பின்மூளை அலமாரி

பாலிஷ்காரர் வேலை முடிந்து வந்தால் நேராக வீட்டுக்குள் நுழைய மாட்டார். வாசல்படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நிற்பார். உள்ளேயிருந்து மனைவி வருவாள். அவர் சற்றே குனிந்து, வாயைக் குவித்து, அவள் முகத்துக்கு நேரே ஒரு தடவை ஊதுவார். அவள் முகர்ந்துவிட்டு, "ம், வாங்க" என்பாள். அதன் பிறகுதான் படியேறுவார். பதினொரு வருஷமாக ஒரு நாள் தவறாமல் நடந்துவந்த காரியம் இது. மழை நாளிலும் ஊதினார், காய்ச்சல் நாளிலும் ஊதினார். எதிர்வீட்டுப் பெண்கள் ஆரம்பத்தில் வாய் பொத்திச் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கு அதுவே கடிகாரம் ஆகிவிட்டது. "பாலிஷ்காரர் ஊதிட்டாரு, மணி ஆறரை" என்று சொல்லி அடுப்படிக்குப் போவார்கள்.

ஊதிக் காட்ட வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது என்றால், அவருடைய தொழிலிலிருந்து வந்தது. மரச்சாமான் பட்டறையில் மேசைக்கும் நாற்காலிக்கும் கதவுக்கும் பாலிஷ் போடுகிறவர். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் சுருட்டி, அதில் நனைத்து நனைத்து மரத்தின் மேல் தேய்ப்பார்கள். காலை முதல் மாலை வரை அந்த ஸ்பிரிட்டுக்குள்ளேயே இருப்பு. சட்டை, நகக்கண், தலைமுடி எல்லாம் அதே நெடி. இப்படிப்பட்ட ஆள் குடித்திருக்கிறாரா இல்லையா என்று உடம்பை முகர்ந்து எந்தப் பெண்டாட்டியும் கண்டுபிடிக்க முடியாது. அவர் ஆறு வருஷம் குடித்தவரும்கூட. அந்த ஆறு வருஷமும், "வேலை வாசனைடி, சந்தேகப்படாதே" என்றே சொல்லிச் சமாளித்தார்.

விட்டது ஒரே நாளில். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒருநாள் அவளை அழைத்து வரப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது, டீச்சர் சிரித்த முகமாக, "நீங்க எப்ப ஊர்லேர்ந்து வந்தீங்க?" என்று கேட்டாள். அப்பா வெளியூரில் வேலை பார்ப்பதாக மகள் இரண்டு வருஷமாகச் சொல்லிவைத்திருந்தாள். அவர், "நேத்துதான் வந்தேன் டீச்சர்" என்றார். அன்றைக்கு விட்டதுதான். "சட்டை பொய் சொல்லும், மூச்சு பொய் சொல்லாது. இனிமே நீ மூச்சைப் பாத்துக்கோ" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து வாசலில் நின்று ஊத ஆரம்பித்தார்.

அவர் மனைவிக்கு ஜாடியம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வைத்தது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். படுக்கையில் விழுந்த அம்மாவையும் தம்பி தங்கையையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. பத்தொன்பது வயதில் கல்லூரிக்குக் கூட்டித் துடைக்கப் போனாள். உடலுறுப்பு மியூசியத்தில் ஜாடிகளைப் பராமரித்தவருக்கு மருந்துத் தண்ணீரின் நெடி கண்ணில் ஏறி, வேலையை விட்டுவிட்டார். அந்த இடத்துக்கு யாரும் போக முன்வரவில்லை. பொணத்தோடு பொழுதைக் கழிப்பது யார்? இவள் போனாள். அவளைப் பொறுத்தவரை அந்த அறையில் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. அங்கே யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு கூச்சம் அவளுக்கு. கடையில் பாக்கிச் சில்லறை கேட்க மாட்டாள். வண்டியில் இறங்க வேண்டிய இடம் வந்தால், வேறு யாராவது நிறுத்தச் சொல்ல மாட்டார்களா என்று பார்ப்பாள். சொல்லாவிட்டால் அடுத்த இடத்தில் இறங்கித் திரும்பி நடப்பாள். மாடியில் குடியிருந்த நாத்தனார் அவளுக்கு நேர் எதிர். "எங்க அண்ணிக்கு வாயில பூட்டு. சாவிய எங்க அண்ணன் தொலைச்சுட்டான்" என்பாள். ஜாடியம்மா அதற்கும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

ஸ்பிரிட் நெடியோடு ஒருவர், ஜாடி மருந்து நெடியோடு இன்னொருவர். "அந்த வீட்டுக்குக் கொசுவே போகாது, போனா உயிரோட திரும்பாது" என்று தெருவில் ஒரு கேலி உண்டு.

மியூசியத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கை பதமாக இருக்க வேண்டும். ஜாடிக்குள் மருந்துத் தண்ணீர் மெல்ல ஆவியாகி இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே துருத்திக்கொண்டு நிற்கிற பாகம் காற்றுப் பட்டால் பழுத்துக் கறுத்துவிடும். அதனால் வாரா வாரம் மட்டம் பார்த்து ஊற்ற வேண்டும். மூடியின் விளிம்பில் மெழுகை உருக்கி விட வேண்டும். நூல் அறுந்துபோனால் உறுப்பை வெளியே எடுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கண்ணாடித் தகட்டோடு மறுபடி கட்ட வேண்டும். ஜாடியம்மா அந்த அலமாரிகளின் கதவைச் சத்தம் வராமல்தான் சாத்துவாள். தண்ணீர் குடித்த டம்ளரை அந்தப் பலகைகளில் வைத்ததில்லை. உள்ளே இருப்பது ஒவ்வொன்றும் ஒரு ஆளுடையது என்பது அவள் நினைப்பு.

நாலாவது அலமாரியின் நடுத்தட்டு முழுக்கப் பின்மூளை. ஸ்டூலில் உட்கார்ந்தால் அது அவள் கண்ணுக்கு நேரே வரும். அந்தத் தட்டில் ஒரு ஜாடிக்கான இடம் காலியாகவே கிடந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு வருஷமும் முதலாண்டு மாணவர்கள் அங்கே வந்து நிற்பார்கள். பேராசிரியை ஒரு தட்டில் பின்மூளையை எடுத்து வைத்துக்கொண்டு பாடம் சொல்வார். ஜாடியம்மா அலமாரிக்குப் பின்னால் நின்று, துணியால் எதையாவது துடைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். பேராசிரியையின் பேச்சு அவளுக்குப் பிடிக்கும். புரியாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டு உடனே புரிகிற மாதிரியும் சொல்லிவிடுவார்.

"கீழேர்ந்து பாருங்க. முதுகுத்தண்டு மேல வந்து பெருவிரல் பருமனுக்குத் தடிக்குது பாருங்க, இது முகுளம். மூச்சு, இதயத்துடிப்பு, விழுங்குறது, இருமுறது, வாந்தி, விக்கல் எல்லாம் இதோட பொறுப்பு. நீங்க தூங்கினாலும் இது தூங்காது. அதுக்கு மேல இடுப்புல துணி சுத்தின மாதிரி புடைச்சிருக்கே, அது பேரு பாலம். பேரே சொல்லுது. பெருமூளை சொல்றதச் சிறுமூளைக்குக் கடத்துற வழி. முகம், மெல்லுறது, தூக்கம் இதுலயும் அதுக்குப் பங்கு உண்டு. இந்த ரெண்டுக்கும் பின்னால முதுகுல ஏறின மாதிரி இருக்கே, அது சிறுமூளை."

சிறுமூளை ஜாடியம்மாவின் உள்ளங்கையில் அடங்கும். மேலெல்லாம் மெல்லிய மடிப்பு, நெருக்கி அடுக்கிய தாள்களைப் போல. நெடுக்காக வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஒரு மரம் கிளை விட்டிருக்கும். முதன்முதலாக அதைப் பார்த்த அன்று அவள் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவளாக ஒரு விஷயத்தைத் தொடங்கிச் சொல்வது அபூர்வம்.

"கையை நீட்டுன்னு சொல்றது பெருமூளையாம். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எங்க நிறுத்தணும்னு பாத்துக்கிறது சிறுமூளையாம். உங்க வேலையே அதுலதான் இருக்கு."

பாலிஷ் போடுகிற கை நிற்கவே கூடாது. எட்டு எழுதுகிற மாதிரி சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு நொடி மரத்தின் மேல் நின்றாலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு, போட்ட பூச்சையெல்லாம் பிய்த்துவிடும். அவர் கை நின்று அவள் பார்த்ததில்லை.

அவர் சிரித்தார். "அப்ப மொதலாளி என்னை விட்டுட்டு அதை மட்டும் வேலைக்கு வெச்சிருக்கலாம். டீ வாங்கிக் குடுக்க வேண்டியதில்ல."

பேராசிரியை வருஷா வருஷம் பாடத்தின் முடிவில் ஒன்று சொல்வார். "குடிகாரன் தள்ளாடுறான்னா, சாராயம் அவன் சிறுமூளையில போய் வேலை செய்யுதுன்னு அர்த்தம். சிறுமூளையில ரத்தம் கசிஞ்சவனும் அதே மாதிரிதான் தள்ளாடுவான், வாந்தி எடுப்பான், நாக்கு குழறும். தெருவுல போறவனுக்கு ரெண்டு பேரும் ஒண்ணு. உங்களுக்கு ஒண்ணா இருக்கக் கூடாது. ஏன்னா, சிறுமூளைக்குப் பின்னால எலும்பு, முன்னால முகுளம். வீங்கினா அது போக வேற இடம் இல்ல. முகுளத்து மேலதான் சாயும். முகுளத்தை அமுக்கினா மூச்சு நிக்கும்."

ஜாடியம்மா இதை இருபத்திரண்டு தடவை கேட்டிருந்தாள். விரலையும் மூக்கையும் மாறி மாறித் தொடச் சொல்லிச் சிறுமூளையைச் சோதிப்பது எப்படி என்று பேராசிரியை காட்டுவதையும் அத்தனை தடவை பார்த்திருந்தாள்.

அது ஒரு சனிக்கிழமை. கல்லூரிக்கு அரைநாள். ஒரு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"வந்துட்டீங்களா அண்ணி? உள்ள போய்ப் பாருங்க. மகாராஜா படுத்திருக்காரு."

"என்னாச்சு?"

"என்ன ஆகும்? எங்க அண்ணன் பதினொரு வருஷ நோன்ப இன்னைக்கு முடிச்சுக்கிட்டான். பதினோரு மணிக்கே பட்டறைத் தச்சர் வண்டியில போட்டுக் கொண்டுவந்து எறக்கிட்டுப் போறாரு. காலைல வேலையில நிக்கவே முடியலையாம். கை பட்டு பாலிஷ் டப்பா கவுந்துருச்சாம். பட்டறை முழுக்க வாந்தியாம். 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, திங்கக்கிழமை பேசிக்கலாம்'னு மொதலாளி சொல்லிட்டாராம். நான் கீழயே வரல. வந்தா ரெண்டு அறை விட்டிருப்பேன்."

ஜாடியம்மா உள்ளே போனாள். அவர் பாயில் வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். கண்களை இறுக மூடியிருந்தார். கவிழ்ந்த டப்பாவின் ஸ்பிரிட் சட்டையெல்லாம் ஊறியிருந்தது. அறைக்குள் நிற்க முடியவில்லை. பக்கத்தில் வாந்தி.

"வந்துட்டியா?" குரல் குழறியது. "தலை சுத்துது. பின்னந்தலை பொளக்குது."

"சுத்தத்தான் செய்யும்" என்றாள்.

அவளுக்கே தன் குரல் வேற்றாள் குரலாகக் கேட்டது. அவர் கண்ணைத் திறக்காமலே முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். முகம் அவள் பக்கம் திரும்பியது. உதடுகள் குவிந்தன. ஊதப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தேதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் இடது பக்கமாகச் சாய்ந்து பாயில் விழுந்தார். காற்று வந்த சத்தம் மட்டும் கேட்டது.

அவள் வாந்தியைத் துடைத்தாள். வாளியைக் கழுவினாள். அடுப்படிக்குப் போய்க் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

அந்த மூன்று மணி நேரமும் அவள் அங்கேயேதான் இருந்தாள். கழுவிய பாத்திரத்தையே எடுத்துக் கழுவினாள். கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகளுக்கு இதைச் சொல்வதா மறைப்பதா என்று யோசித்தாள். சொன்னால் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்தாள். உள்ளே இன்னும் இரண்டு தடவை வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. ஒருமுறை "இந்தா" என்று கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு விக்கல் தொடங்கியது. குடிகாரன் விக்கல் என்று நினைத்தாள். நாத்தனார் படியிறங்கி வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் தெளியலையா? எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு வாயில ஊத்துங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

நாலேகால் மணி இருக்கும். விக்கல் நிற்கவே இல்லை. ஆத்திரம் ஒருபக்கம் இருந்தாலும் தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியாதே. ஒரு டம்ளரில் எடுத்துக்கொண்டு போய், எட்ட நின்று, நீட்டினாள். அவர் கண்ணைத் திறந்தார். இடது கையை நீட்டினார். கை டம்ளரை நோக்கி வந்தது. கிட்டே வர வர நடுங்கியது. டம்ளரைத் தாண்டி ஒரு சாண் அப்பால் போய்க் காற்றைப் பிடித்தது. திரும்பி வந்தது. மறுபடியும் தாண்டிப் போனது.

பிறகு அவர் வலது கையை நீட்டினார். அது நேராக வந்து டம்ளரைப் பிடித்தது. ஒரு துளி சிந்தவில்லை.

ஜாடியம்மா டம்ளரை விடாமல் நின்றாள். அவர் விழுந்ததும் இடது பக்கம்தான். போதைக்கு இடம் வலம் கிடையாது. குடித்தவன் இரண்டு கையாலும் தவறுவான், இரண்டு பக்கமும் விழுவான். ஆறு வருஷம் அதைப் பார்த்தவள் அவள். இந்த மனிதருக்கு வலது கை வேலைக்குப் போகிற கையாகவே இருந்தது. ஒருபக்கம் மட்டும். இடது பக்கம் மட்டும்.

அவர் தண்ணீரை விழுங்கினார். பாதி மூக்கு வழியே வந்தது.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மண்டியிட்டு, அவர் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். வாந்தியின் புளிப்பு. அதற்குக் கீழே வேறு ஒன்றும் இல்லை.

அவள் படிக்குக் கீழே போய் நின்று கூப்பிட்ட குரலில் நாத்தனார் பதறி இறங்கினாள்.

"வண்டி கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"குடிச்சவனுக்கு எதுக்கு அண்ணி..."

"குடிக்கல. வண்டி கூப்பிடு."

கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரிதான். அவசரப் பிரிவில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். விபத்தில் அடிபட்டு ஒரு குடும்பமே வந்திருந்தது. டூட்டி டாக்டர் இளம் பெண். காலையிலிருந்து உட்கார்ந்திருக்க மாட்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பாலிஷ்காரர் பக்கம் குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"எவ்வளவு குடிச்சாரு?"

வழக்கம்போல நாத்தனார்தான் முந்திக்கொண்டாள். "எவ்வளவுன்னு தெரியல டாக்டர். முன்னாடி பழக்கம் இருந்துச்சு, விட்டிருந்தான்."

"ட்ரிப் போடுங்க சிஸ்டர். தெளிஞ்சதும் அனுப்பிடலாம்." சீட்டில் என்னவோ எழுதிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

"டாக்டரம்மா" என்றாள் ஜாடியம்மா. அது அவள் காதுக்கே எட்டவில்லை. நர்ஸ் ஊசியைக் குத்தினாள். பாட்டில் சொட்டத் தொடங்கியது. அவர் கண்மணிகள் ஒரு பக்கமாக நகர்வதும் வெடுக்கென்று திரும்புவதுமாக இருந்தன. மூச்சு சீராக இல்லை. ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மறுபடி அந்தப் பக்கம் வந்தபோது, வெள்ளைக் கோட்டின் ஓரத்தைப் பிடித்தாள்.

"என்னம்மா?"

"இடது கை மட்டும்..."

"இடது கைக்கு என்ன? விழுந்தாரா? எக்ஸ்ரே அப்புறம் பாக்கலாம், இருங்க." அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். கோட்டு கையிலிருந்து போய்விட்டது.

மூன்றாவது தடவை அவள் பேசிப் பார்க்கவில்லை. எழுந்து போய் டாக்டருக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவில் நின்றாள். வாழ்நாளில் யார் வழியையும் மறித்தவளல்ல. டாக்டரின் கையைப் பிடித்துத் தன் கணவரின் தலைமாட்டுக்கு இழுத்து வந்தாள். பிறகு அவர் முகத்துக்கு முன்னால் தன் சுட்டுவிரலை நிறுத்தினாள்.

"இந்தாங்க, கண்ணைத் தெறங்க. என் விரலத் தொடுங்க. உங்க மூக்கத் தொடுங்க. வலது கையால."

வலது கை விரலைத் தொட்டது, மூக்கைத் தொட்டது, விரலைத் தொட்டது.

"இப்ப இடது கை."

இடது கை எழுந்தது. நடுங்கி நடுங்கி வந்து, அவள் விரலைத் தாண்டி, அவள் கன்னத்தில் பட்டென்று அடித்தது. பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள். கண்ணுக்குள் அடித்துப் பார்த்தாள். அவளே ஒருமுறை விரலை நிறுத்திச் செய்யச் சொன்னாள். கழுத்தைத் தொட்டுத் தூக்கிப் பார்த்தாள், கழுத்து விறைத்திருந்தது.

"இவரு என்ன வேலை பாக்குறாரு?"

"மரத்துக்கு பாலிஷ் போடுவாரு. அது சட்டை வாசனை."

"பிரஷர் இருக்கா?"

"மாத்திரை குடுத்தாங்க. ரெண்டு மாசமா நிறுத்திட்டாரு."

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"

"காலைல. பதினோரு மணிக்கு வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க."

"இப்ப அஞ்சேகால். இவ்வளவு நேரம் என்னம்மா பண்ணீங்க?"

தள்ளுவண்டி வந்ததும் அவள் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

ஸ்கேன் அறை வாசலில் அவருக்கு மூச்சு நின்றது. தள்ளுவண்டியின் மேல் ஏறி நின்றபடி டாக்டரே வாயில் குழாயைச் செருகி, பையை அமுக்கி அமுக்கிக் காற்றைச் செலுத்தினாள். சிறுமூளையின் இடது பக்கத்தில் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ரத்தம் கட்டியிருந்தது. உடனே மண்டையின் பின்பக்கத்தைத் திறந்து எடுக்க வேண்டும் என்று அறுவை மருத்துவர் வந்து சொன்னார். ரத்தம் முகுளத்தை அமுக்குவதைத் தாளில் வட்டம் போட்டுக் காட்டத் தொடங்கினார். ஜாடியம்மா, "தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அறுவை அறைக்கு வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் அழுதுகொண்டே இருந்தாள். "நான்தானே அண்ணி சொன்னேன், குடிச்சிருக்கான்னு. என் வாய்ல புழு வெக்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஜாடியம்மா அழவில்லை. அவளுக்கு நாலாவது அலமாரியின் நடுத்தட்டு ஞாபகத்தில் நின்றது. நேற்றுத்தான் அந்தக் காலி இடத்தைத் துடைத்துவிட்டு வந்திருந்தாள்.

நேரம் போய் டூட்டி டாக்டர் வந்தாள். வேலை முடிந்து, கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தாள். ஜாடியம்மாவின் விரல்களைப் பார்த்தாள். மருந்துத் தண்ணீரில் தோல் வெளுத்துச் சுருங்கிய விரல்கள்.

"நீங்க... மியூசியத்துல இருக்கிற ஜாடியம்மாவா?"

"ஆமா."

"பின்மூளைப் பாடத்தை நான் அந்த அலமாரி முன்னாடி நின்னுதான் கேட்டேன். கடைசியா மேடம் சொல்ற அந்த வார்த்தையும் கேட்டேன். வாசனை வந்ததும் எல்லாம் மறந்துபோச்சும்மா. மன்னிச்சிருங்க."

ஜாடியம்மா நகர்ந்து இடம் விட்டாள். டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்தாள். மன்னிப்பதற்குத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று ஜாடியம்மாவுக்குத் தெரியவில்லை. இவளாவது முன்பின் தெரியாதவள். கூட்டத்துக்கு நடுவில் ஒரு நிமிஷம் மூக்கை நம்பினாள். தான் அடுப்படியில் உட்கார்ந்து நம்பியது மூன்று மணி நேரம்.

அவர் பிழைத்தார். ஒன்பது நாள் கருவி மூச்சுக் கொடுத்தது. பத்தாம் நாள் முகுளம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தது. விழுங்குவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. உட்கார வைத்தால் சாக்கு மூட்டை மாதிரி இடது பக்கம் சரிந்தார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர், நடக்கப் பழகும் குழந்தையைப் போல இரண்டு காலையும் அகட்டி வைத்து நிற்கச் சொன்னார். பேச்சு திரும்பி வந்தது. ஆனால் ஒவ்வோர் எழுத்தாக, படி இறங்குகிறவர் காலைத் தேடித் தேடி வைப்பதைப் போல வந்தது. நாத்தனார் முகத்துக்கு நேரே, "இப்பத்தான் அண்ணா நீ நிஜமாவே குடிகாரன் மாதிரி பேசுற" என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் சிரித்தார். அறுவைக்குப் பிறகு அவர் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருக்குச் சவரம் செய்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஜாடியம்மா சொல்லத் தொடங்கினாள். மாட்டேன் மாட்டேன் என்றிருந்தது எப்படியோ வாயைத் திறந்துகொண்டு வந்துவிட்டது. ஒரு மணிக்கு வந்ததையும், நாலேகால் வரை அடுப்படியில் இருந்ததையும், அவர் கூப்பிட்டது காதில் விழுந்தும் எழுந்து வராததையும், எதையும் விடாமல் சொன்னாள். மருந்து வாங்கி வந்த சீட்டைப் படிப்பதுபோல ஒரே குரலில் சொன்னாள். முகத்தைத் திருப்பிக்கொண்டதை மட்டும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது அவருக்கு ஞாபகம் இருந்தது.

"ஊ...தி...னே...னே" என்றார்.

"ஆமா" என்றாள்.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இவளும் சாப்பிடவில்லை. விளக்கு வைத்த பிறகு நாத்தனார் வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், அவருக்குத் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் அவர் கையை நீட்டி, "தண்...ணி" என்றார். அவள் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அவர் இப்போது கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அதற்கு மேல் முன்னேற்றம் இருக்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வலது கையால் சாப்பிடுகிறார், சட்டைப் பித்தானை அவள் போட்டுவிடுகிறாள். பட்டறையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. பிரஷர் மாத்திரையைக் காலையிலும் மாலையிலும் அவளே அவர் வாயில் போட்டு, விழுங்கும்வரை நிற்கிறாள். பகலில் நாத்தனார் கீழே வந்து அவரோடு உட்கார்ந்து ரேடியோவுக்குச் சண்டை போடுகிறாள். ஜாடியம்மாவுக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் பதினாலு வருஷம் இருக்கிறது. பின்மூளைப் பாடம் நடக்கும் நாளில் அவள் அலமாரிக்குப் பின்னால் நிற்பதில்லை, வராந்தாவுக்குப் போய்விடுகிறாள். வீட்டில் இருவரும் முன்பு பேசிய அளவுக்கே பேசிக்கொள்கிறார்கள். அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.